காப்பகத்தில் வளர்ந்த மகள்

என் மூத்த மகள் ஒரு தேயிலை எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பகத்தில் வளர்ந்தவள். கொழுந்து பறிக்கும் பெண்களின் பிள்ளைகளுக்காகச் சட்டப்படி எஸ்டேட் நிர்வாகம் நடத்திய காப்பகம் அது. நான் கொழுந்து பறித்தவள் அல்ல. எஸ்டேட்டை ஒட்டியிருந்த அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு, ஓய்வு பெற்றால் பென்ஷன் உண்டு. பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஓர் இடம்தான் இல்லை. அது அந்தப் பெண்களுக்கு இருந்தது.

1985-ஆம் வருடம், வால்பாறை. ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் வால்பாறைக்குப் போக வேண்டும். கீழ்நாட்டு ஆசிரியர்கள் வால்பாறை என்றாலே மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அழுவார்கள். மழையும் அட்டையும் குளிரும் ஒரு பக்கம். தினமும் வீட்டுக்கு வந்து போக முடியாது என்பது இன்னொரு பக்கம். என் கணவருக்கு உடுமலைப்பேட்டையில் வேலை. வாரக் கடைசியில் வருவார், சில வாரம் வர முடியாது.

அன்றைக்கு அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 90 நாள். பிரசவத்துக்கு முன்னால் ஒரு நாள் எடுத்தால் பின்னால் ஒரு நாள் குறையும் என்பதால், எங்களில் எல்லாரும் நிறைமாதம் வரை வேலைக்குப் போனோம். நானும் வீங்கிய காலோடு கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். தாய்வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெற்று, பிள்ளைக்குத் தலை நிற்கத் தொடங்கிய நேரத்தில் விடுப்பு முடிந்தது. என் அம்மா கூட வந்தார். ஆனால் மலைக்குளிரில் அவருக்கு மூச்சுத்திணறல் அதிகமாகி, மருத்துவர் கீழே அனுப்பச் சொல்லிவிட்டார். சம்பளமில்லாத விடுப்பு எடுக்கலாம் என்றால் வீட்டில் கடன் இருந்தது. வேலையை விட்டுவிடு என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சொன்னார்கள். படித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வேலை அது. நான் விடுவதாக இல்லை.

எஸ்டேட் காப்பகத்தில் இருந்த ஆயாம்மாதான் தானாக வந்து கேட்டார். "டீச்சரம்மா, எம் பேரன் உங்ககிட்டதான் படிக்கிறான். புள்ளைய எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. இருபது புள்ளையோட இருபத்தோராவதா இருந்துட்டுப் போகுது" என்றார். மேலே இருந்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. யாரும் வந்து கேட்கவில்லை. நாங்களும் போய்ச் சொல்லவில்லை.

ஓட்டுக் கூரை போட்ட நீளமான ஒரே அறை. உத்தரத்திலிருந்து வரிசையாகத் தூளிகள் தொங்கும். ஓரத்தில் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். அது பாலுக்கும்தான், குளிருக்கும்தான். காலையில் பெண்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டு, இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு மலையேறுவார்கள். நடுவில் கொழுந்தை எடை போட இறங்கும்போது வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். நானும் மதிய மணி அடித்ததும் ஓடுவேன். அவர்களோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என் பிள்ளைக்குப் பால் கொடுத்திருக்கிறேன். காலையிலிருந்து கட்டிக்கொண்ட பால் சேலையை நனைக்க, பிள்ளைகள் முன்னால் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி பாடம் நடத்திய ஒரு பெண்ணுக்கு அந்த அரைமணி நேரம் என்னவாக இருந்தது என்பதைப் பெற்றவர்கள் அறிவார்கள்.

அந்த அறை யாருடைய கருணையாலும் வரவில்லை. 1951-ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 அல்லது அதற்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் காப்பகம் கட்டாயம் என்றது. பிற்பாடு 1981-இல் திருத்தி, பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் 20 பேர் இருந்தாலும் வேண்டும் என்று சேர்த்தார்கள். 1961-ஆம் வருடத்து மகப்பேறு பயன்கள் சட்டம் அவர்களுக்குச் சம்பளத்துடன் 12 வாரம் விடுப்பும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட வேலைநேரத்தில் இரண்டு இடைவேளைகளும் கொடுத்தது. அவர்களுக்கு 84 நாள், எனக்கு 90 நாள். விடுப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. விடுப்பு முடிந்த மறுநாள் காலையில்தான் வித்தியாசம் தெரிந்தது.

எஸ்டேட் வாழ்க்கையை நான் உயர்த்திச் சொல்லவில்லை. லைன் வீட்டின் ஒற்றை அறையில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று பார்த்தவள் நான். தற்காலிகத் தொழிலாளியாக இருந்தவளுக்கு அந்த 12 வாரமும் எளிதில் கிடைக்கவில்லை. முந்தைய 12 மாதத்தில் 160 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. 1988-இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அது 80 நாளாகக் குறைந்தது. கொழுந்து குறைந்த மாதங்களில் வேலை நின்றுபோகும் ஒரு பெண்ணுக்கு 160 நாள் என்பது மலை ஏறுவதை விடக் கடினம்.

ஆனாலும் ஒன்றை நான் என் வருகைப் பதிவேட்டில் பார்த்தேன். அந்தப் பள்ளிக்கு எஸ்டேட்டுப் பெண்பிள்ளைகள் ஒழுங்காக வந்தார்கள். காய்ச்சல் வரும், கல்யாணம் காட்சி வரும், அதற்கு விடுப்பு எடுப்பார்கள். "தம்பிய பாத்துக்கணும் டீச்சர்" என்று ஒரு பிள்ளையும் நின்றதில்லை. அப்போது அது எனக்கு விசேஷமாகப் படவில்லை. 1991-இல் மாற்றலாகிக் கீழே ஒரு கிராமத்துப் பள்ளிக்கு வந்த பிறகுதான் அதன் மதிப்பு தெரிந்தது.

அந்த ஊரில் பெண்கள் களையெடுக்கவும் நாற்று நடவும் போவார்கள். அறுவடைக் காலம் வந்தால் என் நாலாம் வகுப்பில் பெண்பிள்ளைகள் உட்காரும் பக்கம் பாதி காலியாகிவிடும். வீட்டுக்குத் தேடிப் போனால், எட்டு வயதுப் பிள்ளையின் இடுப்பில் ஆறு மாதப் பிள்ளை இருக்கும். ஒருத்தியை இன்றும் நினைவிருக்கிறது. கணக்கில் கெட்டிக்காரி. வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் பின்னாலிருந்து முன்னால் சொல்வாள். தங்கைக்காக ஒரு வருடம், தம்பிக்காக ஒரு வருடம் என்று அவள் வந்ததும் நின்றதுமாக இருந்தாள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. அவள் அம்மாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கூலிக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. பச்சைப் பிள்ளையை வரப்பில் போட்டுவிட்டுப் போகவும் முடியாது.

ஊரில் பால்வாடி இல்லாமல் இல்லை. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் குழந்தைகள் மையங்கள் வந்துவிட்டன. மதியத்தில் சோறு, பாட்டு, கதை எல்லாம் உண்டு. நான் அந்த மையங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பசியோடு பள்ளிக்கு வந்த ஒரு தலைமுறையை அவை எழுப்பி உட்கார வைத்தன. ஆனால் அங்கே பிள்ளையைச் சேர்க்க இரண்டு வயது ஆக வேண்டும். பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை அந்தப் பிள்ளை யார் பொறுப்பு என்று அரசாங்கம் கேட்கவில்லை. அந்த இரண்டு வருடத்தைத் தன் படிப்பைக் கொடுத்து அடைத்தவர்கள் அக்காமார்கள்.

இப்போது என் தங்கை மகள் அரசுப் பள்ளி ஆசிரியை. போன வருடம் குழந்தை பிறந்தது. முழுச் சம்பளத்துடன் ஒரு வருட விடுப்பு. 90 நாளாக இருந்ததை 2011-இல் 6 மாதம் ஆக்கினார்கள். 2016-இல் 9 மாதம். 2021 ஜூலை 1 முதல் 12 மாதம். அவள் பிள்ளைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தாள். பிள்ளை உட்கார்ந்தது, தவழ்ந்தது, எழுந்து நின்றது எல்லாவற்றையும் கூட இருந்து பார்த்தாள். அவளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு நிறைகிறது. இப்படித்தான் இருக்க வேண்டும். இதைச் சலுகை என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

ஆனால் இந்த ஒரு வருடத்துக்கும் இரண்டு குழந்தைதான் என்று கணக்கு வைத்திருந்தார்கள். முதல் திருமணத்துக் குழந்தைகள் இருவர் தகப்பனோடு இருக்க, மறுமணத்தில் பிறந்த குழந்தைக்காக விடுப்பு கேட்ட நம் மாநில அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு இல்லை என்றார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 மே மாதம் அந்த மறுப்பு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மூன்றாவதாகப் பிறந்த குழந்தைக்குத் தான் மூன்றாவது என்று தெரியாது. அதற்கும் பால் வேண்டும்.

என் மூத்த மகள், அந்தத் தூளியில் கிடந்தவள், சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். 2018-இல் என் பேரன் பிறந்தான். அதற்கு முந்தைய வருடம்தான் சட்டத்தைத் திருத்தி 12 வாரத்தை 26 வாரம் ஆக்கியிருந்தார்கள். 50 அல்லது அதற்கு மேல் ஆட்கள் வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் சேர்த்தார்கள். படித்தபோது எனக்கு வால்பாறை நினைவு வந்தது. நம் பிள்ளை காலத்தில் எல்லாருக்கும் கிடைத்துவிட்டது என்றுதான் எண்ணினேன்.

கம்பெனி ஒரு தனியார் காப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. அது அலுவலகத்திலிருந்து ஐந்து கிலோமீட்டரில், அந்தச் சாலையின் நெரிசலைத் தாண்டி இருந்தது. காப்பகம் எவ்வளவு தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதை விதிகளில் சொல்லிக்கொள்ளலாம் என்று சட்டம் விட்டுவிட்டது. கட்டணத்தை யார் கொடுப்பது என்றும் சொல்லவில்லை. மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய் என் மகள் கட்டினாள். நாலு முறை போய்வர எழுதியிருந்த உரிமையில் ஒரு முறை கூடப் போக முடியவில்லை. எஸ்டேட்டில் கூலிக்கு நின்ற பெண் மதியத்தில் பிள்ளையை மடியில் போட்டாள். முப்பது வருடம் கழித்து, கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்த என் மகள், கைபேசியில் காப்பகத்துக் கேமராவைத் திறந்து பிள்ளை அழுவதைப் பார்த்தாள். கடைசியில் நான் ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்ப் பேரனைப் பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொள்ள எனக்கு மனம் நிறைய ஆசை. ஆனால் பாட்டி உயிரோடும் தெம்போடும் இருந்தால்தான் ஒரு பெண் வேலையில் நீடிக்க முடியும் என்றால், சட்டம் என்ன செய்கிறது?

இன்னொன்றையும் என் மகள் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வந்தாள். 26 வாரச் சம்பளம் முழுவதையும் முதலாளியே கொடுக்க வேண்டும். அதனால் புதிதாகக் கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள். இப்படித் தயங்குவது தவறு. ஆனால் இப்படி ஆகும் என்பது கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். 1928-இல் பம்பாய் சட்டசபையில் மகப்பேறு மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் நலன் என்றும், அதன் செலவில் பெரும்பங்கை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்றும் சொன்னார். பம்பாய் 1929-இல் சட்டம் செய்தது. சென்னை மாகாணம் 1934-இல் செய்தது. சுமையை முதலாளி தலையில் மட்டும் வைக்கும் வழக்கம் அன்றிலிருந்து இன்று வரை மாறவில்லை. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26 வாரம், அதே ஏற்பாடு.

வேறு வழி நம்மிடமே இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிற மில் பெண்ணுக்கு ஈ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு. முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் என்று ஆண், பெண் எல்லார் பேரிலும் மாதாமாதம் கட்டுகிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கு 26 வாரச் சம்பளம் அந்தப் பொதுப் பணத்திலிருந்து வருகிறது. பெண்ணை வேலைக்கு எடுத்ததால் முதலாளிக்குத் தனிச் செலவு இல்லை. இதை எல்லாச் சம்பளத்துக்கும் விரிப்பதும், அரசாங்கம் தன் பங்கைப் போடுவதும் முடியாத காரியம் அல்ல.

மகள் வீட்டில் வேலை செய்ய வந்த பெண்ணுக்கு இந்தச் சட்டங்களில் எதுவும் பொருந்தாது. அவளும் அதே வருடம் பிள்ளை பெற்றாள். பச்சை உடம்போடு, நாற்பது நாள் முடிந்ததும் வந்து நின்றாள். "இன்னும் கொஞ்ச நாள் இரும்மா" என்று என் மகள் சம்பளம் கொடுத்து அனுப்பினாள். "மத்த நாலு வீட்டுல வேற ஆளு வெச்சிருவாங்கம்மா" என்று அடுத்த வாரமே திரும்பி வந்துவிட்டாள். அவளுக்கு அரசாங்கம் கொடுப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கியது. 2006-இல் 6,000 ஆனது, 2011-இல் 12,000, 2018-இல் 18,000. இதில் 14,000 தவணைகளில் பணமாகவும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வரும். கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து, பிக்மி என்ற பதிவு எண் வாங்கி, தடுப்பூசிகள் போட்டால்தான் தவணை வரும். தாயையும் பிள்ளையையும் சுகாதார நிலையத்துக்கு வரவழைத்த நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாள் கூலியை 500 ரூபாய் என்று வைத்தாலும் 14,000 என்பது 28 நாள் கூலி. என் தங்கை மகளுக்கு 365 நாள். இருவரும் பெற்றது பிள்ளைதான். அந்தப் பெண் வீட்டு வேலைக்கு வந்த நேரத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டது அவளுடைய மூத்த பெண். ஏழாம் வகுப்பு. நான் விசாரித்தேன். பள்ளிக்குப் போவதை அந்தக் கோடையோடு நிறுத்தியிருந்தாள்.

அப்பாக்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை, அவ்வளவு குறைவாகக் கொடுத்திருக்கிறார்கள். மத்திய அரசு ஊழியருக்கு 1997-லிருந்து 15 நாள். தனியாரில் வேலை பார்க்கும் தகப்பனுக்குச் சட்டம் எதுவும் கொடுக்கவில்லை. என் மருமகன் தன் சொந்த விடுப்பில் ஒரு வாரம் எடுத்தார். இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க அவருக்கு விருப்பம்தான்.

நாட்டில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று பெருமையோடு சொல்கிறோம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. சிப்காட் தொழிற்பூங்காக்கள் சிலவற்றில் காப்பகம் திறந்திருக்கிறார்கள், நல்ல தொடக்கம். ஆனால் பெரும்பாலான பெண்கள் சிப்காட்டில் இல்லை. வயலில், செங்கல் சூளையில், கட்டட வேலையில், பிறர் வீட்டு அடுக்களையில் இருக்கிறார்கள். 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலிக்கு வைக்கச் சொன்னது. எங்கள் ஊர் ஏரிக்கரையில் வேலை நடந்தபோது பிள்ளைகள் மரத்தடியில் தாமாகத்தான் விளையாடிக்கொண்டிருந்தன.

நான் கேட்பது புதிய கட்டடம் இல்லை. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. கூரை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, பிள்ளைகளை அறிந்த ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே ஆறு மாதக் குழந்தையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தாய் வேலை முடிந்து வரும்வரை திறந்திருக்க வேண்டும். அதற்குக் கூடுதலாக ஒருவரை, முறையான சம்பளத்தில், அவருக்கும் மகப்பேறு விடுப்போடு நியமிக்க வேண்டும். மத்திய அரசின் பால்னா திட்டம் இதைத்தான் சொல்கிறது, ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரை. ஆனால் நாடு முழுவதும் கிட்டத்தட்ட 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்க, அது வைத்த இலக்கு 17,000 மையங்கள். எங்கள் ஊருக்கு எப்போது வரும் என்று காத்திருந்தால் இன்னும் எத்தனையோ ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இடுப்பில் தம்பியோடு நிற்பார்கள்.

மே 1 அன்று எல்லா ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. நிகழ்ச்சி நிரலில் இல்லாவிட்டாலும் எழுந்து கேட்கலாம். நம் ஊர் அங்கன்வாடியில் கைக்குழந்தைகளையும் சேர்க்க வேண்டும், மாலை வரை நடத்த வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். பதிவேட்டில் எழுதிய பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். வேலைக்குப் போகிற பெண்கள் அன்றைக்கு வர முடியாவிட்டால், வீட்டில் இருக்கிற ஆண்கள் போய்க் கேளுங்கள்.